பாலாற்றின் வழக்கு

தமிழ் இலக்கியத்தில் நீதி பெரும்பாலும் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. ஆராய்ச்சி மணியின் நா அசைந்த அன்றே சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இடத் துணிகிறான். சிலம்பு உடைந்து பரல் தெறித்த அப்பொழுதே பாண்டியன் தன் கோல் வளைந்ததை உணர்ந்து உயிர் துறக்கிறான். குற்றம் எது, செய்தவர் யார், இழந்தவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கே ஐயத்துக்கிடமின்றி விடை இருக்கிறது. காப்பியத்துக்கு அந்தத் தெளிவு தேவை. நடைமுறை வழக்கு மன்றங்களிலோ இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே வழக்கின் பெரும்பகுதியாகிவிடுகிறது. கிணறு உப்பாயிற்று என்பது கண்கூடு. எந்த ஆலையின் நீரால் உப்பாயிற்று, எவ்வளவு இழப்பு, அதனை யார் ஈடு செய்வது என்பவை கண்கூடு அல்ல.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தழுவிச் செல்லும் பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் தொழில் குறித்த வழக்கு 1991-ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத்தில் பதிவாயிற்று. 1996-இல் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. 2001-இல் இழப்பீடு கணக்கிடப்பட்டது. அந்த இழப்பீட்டை இன்னும் பெறாதவர்களுக்கு வழங்குமாறு 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட 34 ஆண்டுகளின் வரலாறு, நமது நீதி முறை எவ்வாறு இயங்குகிறது, எங்கே வெல்கிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்பதை அறிய விழைவோர்க்கு ஒரு பாடநூலுக்கு நிகரானது.

ஆறும் தொழிலும்

கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு சிறு பகுதியைக் கடந்து, தமிழகத்தில் நெடுந்தொலைவு நடந்து, வாயலூர் அருகே வங்கக் கடலில் கலப்பது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதியில் அது மணலாறு. மழைக் காலத்தில் சில நாள்களே வெள்ளம் காண்பது. ஆயினும் மணலுக்குக் கீழே நீர் ஓடிக்கொண்டேயிருந்தது. ஆற்றுப் படுகையில் வெட்டிய ஊற்றுக்கால்களும், கரையோரக் கிணறுகளும், ஏரிகளும் அந்த மறைநீரை வயலுக்குக் கொண்டுவந்தன. நெல்லும் கரும்பும் தென்னையும் வாழையும் இந்த நீரின் மக்கள். பாலாற்றின் உண்மையான செல்வம் கண்ணுக்குத் தெரியாத நீரே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னாளில் வழக்கைச் சிக்கலாக்கியதும் இதே இயல்புதான்.

தோல் பதனிடுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகத்தின் வழியே ஐரோப்பியச் சந்தைகளுக்குத் தோல் ஏற்றுமதியாகியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இத்தொழிலை வளர்த்தன. அத்தொழிலின் கடின உழைப்பைத் தாங்கியவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பெருந்தொகையினர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அந்நாளையப் பதப் பொருள்கள். தொட்டியில் தோல் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். அக்கழிவும் தூயது அன்று எனினும், பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பும் தன்மையுடையது.

மாற்றம் 1970-களில் நேர்ந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை விற்பதை விடுத்து, முழுமையாக முடித்த தோலையும் காலணி போன்ற பொருள்களையும் ஏற்றுமதி செய்தால் நாட்டுக்கு மிகுந்த வருவாய் கிடைக்கும் எனச் சீதாராமையா குழு 1972-இல் பரிந்துரைத்தது. அதையொட்டி அரசின் ஏற்றுமதிக் கொள்கை திரும்பியது. வேலை வாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பெருகின. அதனுடன் குரோமிய உப்பால் பதனிடும் முறையும் பரவியது. வாரங்கள் தேவைப்பட்ட வேலை ஓரிரு நாள்களில் முடிந்தது. கெடாமலிருக்கப் பச்சைத் தோலில் பூசிய உப்பு முதற் கழுவலிலேயே நீரில் இறங்கும். மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும், பதனிடக் குரோமியமும் அமிலமும், நிறமூட்டச் சாயமும் எண்ணெயும் அடுத்தடுத்து வரும். இவையனைத்தும் கலந்த நீர் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்று மணலிலும் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாத அந்த மறைநீரைச் சேர்ந்தது.

சட்டம் இருந்தும்

அந்நாளில் சட்டமே இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. குற்றவியல், உரிமையியல் என்னும் இரு வழிகளும் திறந்தே இருந்தன. இரண்டுக்கும் நோக்கம் வேறு. குற்றவியல் நீதி, செய்தவரைத் தண்டித்துப் பிறரை அச்சுறுத்தித் தடுப்பது. உரிமையியல் நீதி, இழந்தவரை இழப்புக்கு முந்தைய நிலைக்கு இயன்றவரை கொண்டு நிறுத்துவது. பாலாற்றங்கரையில் இவ்விரண்டும் ஏன் போதவில்லை என்பதே முதலில் விளங்க வேண்டியது.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பொது ஊற்று அல்லது நீர்த்தேக்கத்தின் நீரை மாசாக்குவது குற்றம் என 277-ஆம் பிரிவு கூறிற்று. அதற்குத் தண்டனை மூன்று மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓடும் ஆறு, "ஊற்று", "தேக்கம்" என்னும் சொற்களுள் அடங்காது என்ற விளக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றங்களில் எழுந்தது. ஒரு சொல்லின் எல்லைக்கு வெளியே ஓர் ஆறு முழுவதும் நின்றுவிட்டது. சொல்லை ஆளும் புலவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 279-ஆம் பிரிவில் அதே குற்றத்துக்கு ஆறு மாதச் சிறையும் 5,000 ரூபாய் அபராதமும் என உச்ச அளவை உயர்த்தியதேயன்றி, அச்சொற்களை மாற்றவில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் தொல்லை தரும் செயலை அகற்ற நிருவாக நடுவருக்கு அதிகாரம் அளித்தது. 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இப்பிரிவுக்குப் புத்துயிர் அளித்தார். பணமில்லை என்று கூறி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எனினும் ஒரு தெருவின் சாக்கடைக்குப் பொருந்திய கருவி, ஓர் ஆற்றுப் படுகைக்கும் நூற்றுக்கணக்கான ஆலைகளுக்கும் போதுமானதாக இல்லை.

1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. வாரியத்தின் இசைவின்றிக் கழிவு நீரை வெளியேற்றுவது குற்றமாயிற்று. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. 1988-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆலையை மூடவும் மின்சாரத்தை நிறுத்தவும் வாரியத்துக்கு அதிகாரம் வழங்கித் தண்டனையையும் கடுமையாக்கியது. ஆறு, ஏரி முதலியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு தரும் புதிய தொழில்களை அனுமதிப்பதில்லை என்று மாநில அரசு 1989-இல் ஆணையிட்டது. சட்டம் ஏட்டில் வலிமை பெற்றது. ஆயின் தொழிலை மூடினால் ஊரே வேலையிழக்கும் என்ற அச்சம் ஒரு புறமும், கெடுவை நீட்டித்துக் கொடுக்கும் வழக்கம் மறுபுறமும் அந்த வலிமையைத் தளர்த்தின.

உரிமையியல் வழியில் சென்ற உழவர் என்ன செய்திருக்க முடியும்? தன் கிணறு கெட்டதற்கு ஈடு கேட்டு வழக்குத் தொடுக்கலாம். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும். பின்னர், இந்தக் கிணற்றின் உப்பு இந்த ஆலையிலிருந்துதான் வந்தது என மெய்ப்பிக்க வேண்டும். மேற்பரப்பில் ஓடும் வாய்க்காலாயின் கண்ணால் கண்ட சாட்சி சொல்லலாம். மணலுக்கடியில் ஓடும் நீருக்கு யார் சாட்சி? நூறு ஆலைகள் ஒரே நிலத்தடி நீரில் கழிவை இறக்கியிருக்க, ஒவ்வோர் ஆலையும் மற்றத் தொண்ணூற்றொன்பதைச் சுட்டிக்காட்டி விலகிக்கொள்ளலாம். மெய்ப்பிக்கும் சுமை வழக்கிடுபவர் மீது என்னும் பொதுவிதி இரு சமமானவர்களுக்கிடையே நியாயமான விதி. ஆய்வகமும் கணக்கேடும் ஒரு தரப்பிடமே இருக்கும்போது அவ்விதியே அநீதிக்குத் துணையாகிவிடும்.

மனுவும் தீர்ப்பும்

இந்நிலையில்தான் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் அரசியலமைப்பின் 32-ஆம் உறுப்பின் கீழ் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1991-ஆம் ஆண்டின் 914-ஆம் எண்ணுள்ள ரிட் மனு அது. தனி ஒருவரின் கிணற்றுக்கு ஈடு கேட்காமல், மக்களின் வாழ்வுரிமை என்னும் அடித்தளத்தில் ஆறு முழுவதற்கும் நீதி கேட்டது அம்மனுவின் சிறப்பு. கங்கைக் கரையின் கான்பூர்த் தோல் ஆலைகள் குறித்து 1987-இல் தீர்ப்புப் பெற்ற வழக்கறிஞர் எம்.சி. மேத்தா இவ்வழக்கிலும் நீதிமன்றத்துக்குத் துணை நின்றார்.

நீதிமன்றத்தின் முன் வந்த செய்திகள் திகைப்பூட்டுவன. தமிழ்நாடு சட்ட உதவி வாரியத்தின் வேண்டுகோளின்படி பாலாற்றுப் பகுதியைப் பார்வையிட்ட இரு வழக்கறிஞர்கள், பதனிடும் தொழிலில் அமிலங்கள் உட்பட 176 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதாகவும், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் செலவாவதாகவும் அறிக்கை தந்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என மதிப்பிட்டது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் நடந்த ஓர் ஆய்வு, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாகக் கண்டது.

நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசானுதீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அடங்கிய அமர்வு 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவது, பலருக்கு வேலை தருவது, நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழகத்தைச் சார்ந்தது என்பவற்றைத் தீர்ப்பு மறைக்கவில்லை. ஆயினும் சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்துக்குக் கேடு விளைக்கவும் எத்தொழிலுக்கும் உரிமையில்லை என்று அது தெளிவுபட உரைத்தது. வளர்ச்சியும் சூழலும் பகைகள் என்னும் பழைய கருத்தை மறுத்து, தாங்குநிலை வளர்ச்சி என்னும் கொள்கையை ஏற்றது. 1972-இன் ஸ்டாக்ஹோம் மாநாடு தொடங்கி 1992-இன் ரியோ மாநாடு வரை உலக அரங்கில் உருவான அக்கொள்கையின் இரு தூண்களை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அறிவித்தது.

முதலாவது, முன்னெச்சரிக்கைக் கொள்கை. மீளாத கேடு நேரும் அறிகுறி தென்படுமானால், அறிவியல் முழு உறுதி தரும்வரை அரசு கைகட்டிக் காத்திருக்கலாகாது. இக்கொள்கையின் பெயர் புதிது எனினும் உணர்வு இம்மண்ணுக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் ஏரி வாரியத்தைக் கூறுகிறது. கரை உடைந்த பின் வழக்கு விசாரிப்பதைக் காட்டிலும் உடையாமல் காப்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும் என 10-ஆம் நூற்றாண்டுச் சபையினர் அறிந்திருந்தனர். முன்னெச்சரிக்கையுடன் இணைந்து வந்தது மெய்ப்பிக்கும் சுமையின் இடமாற்றம். தன் செயல் தீங்கற்றது என்று தொழில் நடத்துபவரே மெய்ப்பிக்க வேண்டும். மணலுக்கடியில் ஓடும் நீருக்குச் சாட்சி தேட வேண்டிய நிலையிலிருந்து உழவர் இதனால் விடுபட்டார்.

இரண்டாவது, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது. அதே ஆண்டு பிப்ரவரியில் இராசத்தானத்தின் பிச்சிரி ஊர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையாண்ட விதி இது. கெட்டவர்க்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட சூழலை மீட்கும் செலவும் மாசு செய்தவரையே சாரும் என்பது இதன் பொருள்.

கொள்கைகளோடு நில்லாமல் செயல்முறையையும் தீர்ப்பு வகுத்தது. ஐந்து மாவட்டங்களில் 900-க்கு மேற்பட்டனவாகக் கூறப்பட்ட ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் மாசு அபராதம் செலுத்த வேண்டும். சுத்திகரிப்பு ஏற்பாடு செய்து 1996 நவம்பர் 30-க்குள் வாரியத்தின் இசைவு பெறாத ஆலைகள் மூடப்பட வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்ட ஆணையம் இழந்தவர்களை அடையாளம் கண்டு இழப்பீட்டைக் கணக்கிட வேண்டும். இவற்றைக் கண்காணிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு ஒன்று அமைய வேண்டும். அதுவே பசுமை அமர்வு. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உருவானதற்கு முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

இழப்பை எண்ணிய கதை

சட்டக் கல்லூரிகளில் இத்தீர்ப்பு பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. பாலாற்றங்கரையில் கதை இங்கேதான் தொடங்கியது.

மத்திய அரசு 1996-லேயே சூழல் இழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. நொய்யல் ஆற்றுச் சாயக் கழிவின் இழப்பையும் பின்னாளில் கணக்கிட்ட ஆணையம் இதுவே. ஊர் ஊராக நிலமும் கிணறும் ஆராயப்பட்டன. 2001 மார்ச்சு 7-ஆம் நாள் ஆணையம் தன் முடிவை அளித்தது. வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டவர் எனக் கண்டு, 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்காக ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாயை ஆலைகள் தர வேண்டும் என்று அது கணக்கிட்டது. 2009 ஆகஸ்டு 24-ஆம் நாள் மேலும் ஒரு முடிவு வந்தது.

இத்தொகையைக் கேட்டவுடன் பெரிது எனத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,187 ரூபாய் வருகிறது. ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு அது ஈடு என்பதால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 ரூபாய். நிலத்தின் அளவுக்கும் கேட்டின் தன்மைக்கும் ஏற்பச் சிலர்க்குக் கூடியும் சிலர்க்குக் குறைந்தும் இருக்கும். ஆயினும் தென்னை பட்ட நிலத்துக்கும், குடிநீருக்காக அடுத்த ஊர் நடந்த காலுக்கும் இது எவ்வளவு ஈடு என்ற வினா எழாமல் இராது. சட்டம் அளக்கத்தக்கதை மட்டுமே அளக்கும். ஏக்கரை அளக்கலாம், விளைச்சலின் வீழ்ச்சியை அளக்கலாம். பட்டாவில் பெயர் உள்ளவரின் இழப்புக்கு ஏடு இருக்கிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்து, வேளாண்மை ஒடுங்கியபோது கூலியை இழந்த பெண்ணின் இழப்புக்கு ஏடு எங்கே? ஏட்டில் வாராத துயரை எழுதும் கடமை வேறு எவரையும்விட இலக்கியத்தைச் சார்ந்தது.

காலம் என்னும் எதிர்வழக்கர்

கணக்கிட்ட தொகையும் உரியவர் கைக்கு எளிதில் செல்லவில்லை. பொறுப்பு யாருடையது, பங்கு எவ்வளவு, மூடப்பட்ட ஆலையின் பங்கை எவர் தருவது என வினாக்கள் கிளைத்தன. 2010 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலிருந்து எழுந்த மேல்முறையீடுகள் உச்ச நீதிமன்றத்தில் 15 ஆண்டுகள் நிலுவையில் இருந்தன. வழக்குத் தொடங்கியபோது வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என வழங்கிய நிலப்பகுதி, வேலூர் மாவட்டமாகப் பெயர் மாறி, 2019-இல் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்றாயிற்று. 1991-இல் நாற்பது வயதிலிருந்த உழவர் 2025-இல் எழுபத்து நான்கு வயதை எட்டியிருப்பார்.

2025 ஜனவரி 30-ஆம் நாள் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். வேலூர் மாவட்டச் சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த வழக்கு அது. 2001, 2009-ஆம் ஆண்டு முடிவுகளின்படி இழப்பீடு பெறாதவர்களுக்கு மாநில அரசு ஆறு வாரங்களுக்குள் தொகையை வழங்க வேண்டும், பின்னர் அதனை மாசு செய்தவர்களிடமிருந்து அரசே வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் முதற் கட்டளை. நுணுக்கமான மாற்றம் இது. 1996-இன் விதி, ஈடு செய்ய வேண்டியவர் யார் என்பதைச் சொன்னது. 2025-இன் விதி, அவரிடம் வசூலாகும் வரை இழந்தவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைச் சொன்னது. காத்திருக்கும் சுமை உழவரின் தோளிலிருந்து, காத்திருக்க வல்ல அரசின் தோளுக்கு மாற்றப்பட்டது. கேடு நீங்கும் வரை மாசு செய்தவரின் பொறுப்பும் நீங்காது என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைந்து ஆற்றையும் நிலத்தையும் மீட்கும் பணியைக் கண்காணிக்க வேண்டும் என்றும் தீர்ப்புக் கூறியது. வழக்கை முடித்து அனுப்பிவிடாமல், கட்டளை நிறைவேறும் வரை தன் பார்வையிலேயே வைத்துக்கொள்ளும் முறையை நீதிமன்றம் மேற்கொண்டது.

மறுதரப்பும் மனிதரே

நடுவு நிலைமையை அறத்துப்பாலிலும் செங்கோன்மையைப் பொருட்பாலிலும் வைத்தார் வள்ளுவர். முன்னது ஒவ்வொருவரின் உள்ளத்துக்கு உரியது, பின்னது ஆட்சிக்கு உரியது. இவ்வழக்கை எழுதுவோர்க்கும் நடுவு நிலைமை வேண்டும். தோல் தொழிலைக் கொடியதாக மட்டும் வருணிப்பது எளிது, ஆனால் நேர்மையன்று. முழுமையான தோலை ஏற்றுமதி செய்க என ஊக்கியது நாட்டின் கொள்கையே. குரோமிய உப்பைச் செய்வதற்கு இராணிப்பேட்டையில் எழுந்த ஆலை 1995-இல் நின்றபின், ஒரு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. சிறிய ஆலைகளுக்குத் தனிச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதி இல்லை. ஆதலின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பல ஆலைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவின. முதலில் அவை குரோமியத்தையும் அழுகு பொருளையும் ஓரளவு நீக்கினவேயன்றி, கரைந்த உப்பை நீக்க இயலவில்லை. உப்பே கிணற்றின் பெரும்பகை. எனவே நீரைச் சவ்வின் வழியே செலுத்தி, மீண்டும் ஆலைக்கே பயன்படுத்திக் கழிவு நீர் எதையும் வெளிவிடாத முறையை அவை பின்னர் மேற்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கான செலவு பெரிது. அயல்நாட்டுக் கடைகளில் அழகிய காலணியை வாங்குவோர் செலுத்தும் விலையில் அச்செலவுக்கு உரிய பங்கு இருக்கிறதா என்பதும் நீதியின் கேள்வியே.

தொழிலாளரின் பக்கம் இன்னும் துயரமானது. ஆலை மூடினால் முதலில் பட்டினி கிடப்பவர் அவர். ஆலை ஓடினால் முதலில் நஞ்சைத் தொடுபவரும் அவரே. அவருடைய வீட்டுக் குழாயிலும் அதே நிலத்தடி நீர்தான் வருகிறது. 2015 ஜனவரி 31-ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் புதைந்து மாண்டனர். பலர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஆற்றைக் காக்க எழுந்த அமைப்பே ஏழையர் சிலரின் உயிரைக் குடித்த இந்நிகழ்ச்சி, ஆற்றுக்கான நீதியும் உழைப்பவருக்கான நீதியும் வெவ்வேறானவை அல்ல என்பதை உணர்த்துகிறது. ஆற்றிலிருந்து எடுத்த நஞ்சு எங்கோ ஓரிடத்தில் சேர்ந்தே தீரும். அந்த இடத்தின் அருகே உறங்குபவர் யார் என்பதைச் சட்டம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

குற்றவியல் நீதியின் குரல் இவ்வரலாறு முழுவதிலும் தணிந்தே ஒலிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல கைகள் சேர்ந்து பல ஆண்டுகளில் செய்த கேட்டுக்கு ஒரு கையைச் சுட்டுவது எளிதன்று. சப்பானின் மினமாதா விரிகுடாவில் பாதரசக் கழிவால் நோயுற்றோர் வழக்கில், குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம் 1973-லேயே இழப்பீட்டுத் தீர்ப்பு வழங்கியது. நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மீதான குற்றத் தீர்ப்பு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் உறுதியாவதற்கு 1988 வரை ஆயிற்று. அங்கே கேடு செய்தது ஒரே நிறுவனம். பாலாற்றிலோ நூற்றுக்கணக்கானவை. ஆகவே தண்டனையைக் காட்டிலும் தடுப்பும் ஈடும் மீட்பும் இங்கே நீதியின் முதன்மை வடிவங்களாயின. அது சரியான தேர்வே. எனினும், இசைவின்றி நள்ளிரவில் கழிவைத் திறந்துவிடுபவர்க்கு அபராதம் ஒரு தொழிற்செலவு மட்டுமே என ஆகிவிடுமானால், ஈடும் மீட்பும் முடிவற்றவையாகிவிடும்.

பாலாற்றின் வழக்கு தோற்ற வழக்கன்று. இன்று இந்தியாவின் எந்த நீதிமன்றத்தில் ஓர் ஆற்றுக்காக எவர் எழுந்து நின்றாலும், வேலூர்க் குடிமக்கள் பெற்ற தீர்ப்பை முன்வைத்தே பேசுகிறார். மற்ற ஆறுகளுக்கு வழிகாட்டிய அத்தீர்ப்பு தன் சொந்த ஆற்றுக்கு முழுப்பயன் தரவில்லை என்பதே இதன் துயரம். சட்டத்தைப் படைப்பதும் அதை நிறைவேற்றுவதும் இருவேறு உழைப்புகள். முன்னது நீதிபதிகளின் அறிவால் ஆவது. பின்னது அலுவலரின் விழிப்பாலும், தொழில் முனைவோரின் மனச்சான்றாலும், கேட்டுக்கொண்டேயிருக்கும் மக்களின் சலியாமையாலும் ஆவது. அம்மூன்றும் கூடினவா என்பதை இனி வரும் கோடைகளில் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் கிணற்றிலிருந்து இறைக்கும் நீரின் சுவையே சொல்லும்.